சுக்கானும் சிந்தனையும்: விமானி செந்த் எக்சுபெரியின் வாழ்வு

ஒரே வேளையில் எட்டு விடயங்களைக் கருத்திலிருத்திப் பிழையின்றி விடையிறுப்பவரை அட்டாவதானி என்று போற்றுதல் தமிழர் மரபு. அவையிலே அவதானியாருக்குப் பிழை நேரின் விளைவது நாணம் ஒன்றே. தரையினின்றும் ஆயிரம் அடி உயரத்திலே ஒரு சிறு விமானத்திற் தனித்திருந்து, வேகங்காட்டியையும் உயரங்காட்டியையும் திசையறி கருவியையும் எரிபொருளின் அளவையும் எந்திரத்தின் ஓசையையும் காற்றின் போக்கையும் கீழேயுள்ள நிலத்தையும் எதிரேயுள்ள மேகத்தையும் ஒருங்கே கவனிக்க வேண்டியவனுக்குப் பிழை நேரின், அதன் விலை உயிராகும். விமானியும் ஒருவகை அவதானியே. ஆயின் அவன் முன் இருப்பவர் அவையோரல்லர், காற்றும் நிலமுமே.

இத்தொழிலை மேற்கொண்டவர்களுள் எழுத்தாளராகவும் உலகப் புகழ் எய்தியவர், பிரெஞ்சு நாட்டினரான அந்துவான் த செந்த் எக்சுபெரி ஆவர். 'குட்டி இளவரசன்' என்னும் சிறு நூலின் ஆசிரியர் என்ற அளவில் அவரை நம்மவர் பலர் அறிவர். அந்நூல் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. அன்னாரின் வாழ்வை விமானி என்ற நிலையில் வைத்து நோக்குமிடத்து, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படத்தக்க பாடம் ஒன்று அதிலே பொதிந்திருக்கக் காணலாம். சிந்தை அலையும் இயல்பினரான ஒருவர், சிந்தை அலைந்தால் உயிர்போகும் தொழிலிலே தம் வாழ்நாளைக் கழித்தார். அதனால் அவர் எய்தியவையும் இழந்தவையும் எவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

எக்சுபெரி 1900 ஆம் ஆண்டு யூன் 29 ஆம் நாள் லியோன் நகரிலே, பழைய பிரபுக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் மூன்றாமவர். 1904 இல் தந்தையார் இறந்தபின், தாயாரின் அரவணைப்பிலே வளர்ந்தார். கோடை காலங்களைக் கழித்த மாளிகைக்கு அண்மையில் அம்பேரியூ என்னும் ஊரில் ஒரு விமானத் திடல் இருந்தது. அங்கே ஓயாது சென்று எந்திரங்களைப் பற்றிக் கேள்விமேற் கேள்வி தொடுத்த சிறுவனை, 1912 இல் ஒரு விமானி தம்முடன் ஏற்றிக்கொண்டு பறந்தார். பன்னிரண்டு வயதிற் பற்றிய அந்த வேட்கை இறுதிவரை தணியவில்லை.

பள்ளியில் அவர் முன்மாதிரி மாணவரல்லர். மேசை ஒழுங்கற்றிருக்கும், பாடம் நடக்கும்போது கருத்து வேறெங்கோ செல்லும். நிலவைக் குத்துபவன் என்னும் பொருள்பட உடன்பயின்றோர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினர். சற்றே மேல்நோக்கிய மூக்கையும், வானையே பார்த்துக் கனவு காணும் இயல்பையும் ஒருங்கே சுட்டிய பெயர் அது. கடற்படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்விற் தவறிய பின்னர், சிறிது காலம் கட்டடக் கலை பயின்றார். அதிலும் மனம் நிலைக்கவில்லை.

பயிற்சி

1921 இல் கட்டாயப் படைச்சேவையின் பொருட்டு ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்த விமானப் படைப்பிரிவிற் சேர்ந்தார். ஆயின் அவருக்குக் கிட்டியது தரைப்பணியே. பறக்கும் வாய்ப்பைத் தாமே தேடிக்கொள்ளத் துணிந்து, தாயாரிடம் பணம் கேட்டு எழுதி, ரொபேர் அயேபி என்னும் பயிற்சியாளரிடம் தம் சொந்தச் செலவிற் கற்கலானார். பயிற்சியாளரும் மாணவரும் ஒரே விமானத்திலமர்ந்து இரட்டைக் கட்டுப்பாட்டிற் பறப்பதே அக்காலத்தும் முறை. அவ்வாண்டு யூலையில் அவர் முதன்முறையாகத் தனித்துப் பறந்தார்.

பறத்தலைக் கற்போன் முதலிற் காணும் இடர் யாதெனில், அவன் கவனம் ஒரு வேளையில் ஒரு பொருளையே பற்றுவதாகும். வேகத்தைப் பார்த்தால் உயரம் குறையும். உயரத்தைப் பார்த்தால் திசை மாறும். திசையைத் திருத்த முயலின் சிறகு சாயும். மனித உள்ளம் இரு வினைகளை உண்மையிலே ஒருங்கு செய்வதில்லை என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு விரைந்து தாவுகிறது என்றும், ஒவ்வொரு தாவலிலும் சிறிது காலமும் கருத்தும் வீணாகின்றன என்றும் உளநூலார் கண்டுள்ளனர். ஆகவே பயிற்சியின் நோக்கம் கவனத்தைப் பல கூறாக்குவதன்று. கைகால்களுக்குரிய வேலையைக் கைகால்களுக்கே பழக்கிவிட்டு, கண்ணும் கருத்தும் ஓர் ஒழுங்கான முறையிற் கருவிகளையும் வானையும் சுற்றிவரச் செய்தலே அதன் நோக்கம்.

கை பழகியபின் உள்ளம் விடுதலை பெறுகின்றது. விடுதலை பெற்ற உள்ளம் எங்கே செல்லும் என்பதுதான் அடுத்த வினா. பயிலுநன் திணறுவதனாற் பிழை செய்கிறான்; பழகியவன் திணறாமையினாற் பிழை செய்கிறான். எக்சுபெரியின் வாழ்வில் நேர்ந்த இடர்களிற் சில இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

படைச்சேவையின் இறுதிக் காலத்தில், 1923 இல், பாரிசுக்கு அண்மையிலுள்ள லெ பூர்ஜே திடலில் அவர் செலுத்திய விமானம் வேகமிழந்து வீழ்ந்தது, மண்டையோடு முறிந்தது. அப்போது மணம்பேசியிருந்த பெண்ணின் குடும்பத்தார் இத்தொழிலை வெறுத்தமையால் அவர் படையை விட்டு நீங்கினார். அம்மணமோ நடைபெறவில்லை. ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்திலும், பின்னர் பாரவண்டி விற்பவராகவும் காலங்கழித்த ஆண்டுகள் அவருக்குச் சிறைவாசம் போன்றிருந்தன.

அஞ்சல் விமானி

1926 இல் துலூசு நகரிலிருந்த லத்தேகோயேர் நிறுவனத்திற் சேர்ந்ததே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. துலூசிலிருந்து ஸ்பெயின் வழியாக மொறொக்கோவுக்கும், அங்கிருந்து பாலைவனக் கரையோரமாகத் தக்காருக்கும் அஞ்சல் கொண்டுசெல்வது அந்நிறுவனத்தின் பணி. அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த டிடியே டோரா கடுமையான ஒழுங்கினர். புதிதாக வந்தோரை உடனே விமானத்தில் ஏற்றாது, முதலில் வேலைத்தளத்திற் கம்மியரோடு எந்திரங்களைத் துடைக்கவும் கழற்றிப் பூட்டவும் வைத்தார். தாம் நம்பிப் பறக்கப்போகும் பொருளைக் கையாற் தொட்டு அறிந்தவனே அதன் ஓசையில் எழும் சிறு மாற்றத்தையும் காதால் உணர்வான் என்பது இதன் கருத்துப்போலும்.

முதன்முறையாக அஞ்சலுடன் ஸ்பெயினைக் கடக்கவேண்டிய நாளின் முன்னிரவில், எக்சுபெரி தம்மினும் அனுபவம் மிக்க நண்பர் கியோமேயை நாடிச் சென்றார். இருவரும் விளக்கொளியில் வரைபடத்தை விரித்தனர். கியோமே சொல்லிக்கொடுத்தவை நூல்களில் இல்லாதவை. மாநகரங்களையும் மலைத்தொடர்களையும் பற்றி அவர் பேசவில்லை. குவாதிசு என்னுமூருக்கு அருகே ஒரு வயலின் ஓரத்தில் நிற்கும் மூன்று தோடை மரங்களை நினைவில் வைக்கும்படி கூறினார். மொத்திரில் என்னுமிடத்தில் இறங்குதற்கு ஏற்றதுபோற் தோன்றும் புல்வெளியிற் புல்லின் கீழ் மறைந்தோடும் சிற்றோடையைக் காட்டினார். மலைச்சரிவில் மேயும் முப்பது ஆடுகள், இறங்கும் விமானத்தின் சக்கரங்களுக்கிடையே திடீரெனப் பாயக்கூடும் என எச்சரித்தார். புவியியலார் பொருட்படுத்தாத இவற்றை எக்சுபெரி தம் வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

ஆயிரம் பொருள்கள் கண்ணிற் படும்போது, உயிரைக் காப்பன எவை, கொல்வன எவை என முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதே கவனத்தின் முதற்படி. தரையிலே அமைதியாக அமர்ந்து செய்யும் இந்த ஆயத்தம், வானிலே நெருக்கடி வரும்வேளையிற் சிந்தையின் சுமையைக் குறைக்கின்றது. இன்று சிறு விமானப் பயிற்சியளிக்கும் எந்த ஆசிரியரும் இதனையே வற்புறுத்துவார்.

1927 இல் சகாராவின் கடற்கரையிலுள்ள ஜூபி முனை என்னும் சிறு நிலையத்திற்குத் தலைவராக அனுப்பப்பட்டார். ஒருபுறம் கடல், மறுபுறம் மணல்; எப்போதோ வந்து செல்லும் விமானங்கள். வழியில் விழுந்த விமானிகளை மீட்பதும், பாலைவனக் குடிகளோடு நட்புறவு பேணுவதும் அவர் கடமைகள். அத்தனிமையில் எழுதப்பட்டதே 1929 இல் வெளிவந்த 'தெற்கு அஞ்சல்' என்னும் முதல் நாவல். அவ்வாண்டே ஆர்ஜெந்தீனாவுக்குச் சென்று, பத்தகோனியாவின் கொடுங்காற்றினூடே புதிய அஞ்சல் வழிகளைத் திறக்கும் பணியை ஏற்றார். அங்கு பெற்ற அனுபவத்தின் விளைவே 1931 இல் வெளியாகிப் பெமினா பரிசு பெற்ற 'இரவுப் பறப்பு'. டோராவுக்கே அதனை அவர் உரிமையாக்கினார்.

அந்நாவலின் தொடக்கத்தில், இருள் கவியும் வேளையிலே விமானி விளக்கையும் பிடிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறான். கண்ணின் உதவியின்றிக் கை அவற்றை அடையும் வரை பழக்குகிறான். கவித்துவமான இக்காட்சி தொழிற்பயிற்சியின் துல்லியமான சித்திரமுமாகும். கவனத்தின் இலக்கணத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர் அதனை எப்பொழுதும் கடைப்பிடித்தாரா எனின், இல்லை என்றே கூறவேண்டும்.

அலைந்த சிந்தை

நீண்ட தனிப் பறப்புகளில் எக்சுபெரி குறிப்பேடொன்றை உடன்வைத்து எழுதுவார், நூல்களும் வாசிப்பார். ஒருமுறை தூனிசு விமானத் திடலின் மேலே ஒருமணி நேரம் வட்டமிட்டமைக்குக் காரணம், கையிலிருந்த நாவல் முடியாதிருந்தமையே என்று ஒரு செய்தி வழங்குகின்றது. கீழே காத்திருந்தோர் சினந்தனர் என்பர். கேட்போர்க்கு இது நகைப்பைத் தரும். எரிபொருள் அளவாக உள்ள விமானத்திற்கோ இஃது நகைப்புக்குரியதன்று.

லத்தேகோயேர் நிறுவனத்தில் அவர் சோதனை விமானியாகப் பணியாற்றிய காலத்தில் இக்குறை வெளிப்படையாயிற்று. சோதனை விமானியின் தொழிலுக்குச் சிறு பிறழ்ச்சியையும் தவறவிடாத கண் இன்றியமையாதது. கதவைச் சரிவரப் பூட்டாது அவர் பறந்ததுண்டு என வரலாற்றாசிரியர் கூறுவர். 1933 டிசெம்பர் 21 ஆம் நாள் செந்த் ரபாயேல் குடாவிலே கடல்விமானமொன்றைச் சோதித்து இறக்கியபோது, அது நீரிற் தவறான சாய்வில் மோதிக் கவிழ்ந்தது. மூழ்கிய அறையிற் சிக்கிய அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். அந்நிறுவனத்தில் அவருடைய சோதனைப் பணியும் அத்துடன் முடிந்தது.

அவரை அசட்டை மனிதர் என்று ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. விமானம் இறங்குவதற்கு உதவும் கருவி முதலாகப் பல அமைப்புகளை அவர் புனைந்து உரிமைப் பதிவு செய்தார். அவை பத்துக்கும் மேற்பட்டவை. புயலிலும் மூடுபனியிலும் அவர் காட்டிய திறமையைத் தோழர்கள் மெச்சினர். நெருக்கடி வந்தபோது அவர் உள்ளம் கூர்மையுற்றது. எல்லாம் அமைதியாக நடக்கும்போதுதான் நழுவியது. இடர் பெரும்பாலும் அமைதியான வேளையிலேயே பிறக்கின்றது.

மணலிற் கற்றது

1935 டிசெம்பர் இறுதியில், பாரிசிலிருந்து சைகோன் வரை விரைந்து பறப்பவர்க்கு அறிவிக்கப்பட்ட 1,50,000 பிராங்கு பரிசை நாடிப் புறப்பட்டார். அவருடையது கோத்ரோன் சிமூன் என்னும் சிறு விமானம். உடன் சென்றவர் கம்மியர் பிரேவோ. ஆயத்தங்கள் அவசரத்திற் செய்யப்பட்டன. பாரத்தைக் குறைத்து எரிபொருளை மிகுதியாக ஏற்றுவதற்காக வானொலிக் கருவி விடப்பட்டது. பெங்காசியிலிருந்து இரவிற் கிளம்பியவர்களுக்குக் காற்றின் உண்மைப் போக்கு தெரியவில்லை. நைல் நதியை அடைந்திருப்போம் எனக் கணித்து மேகத்தினூடே இறங்கினர். 30 ஆம் நாள் விடியற்காலை மணி 2.45 அளவில், மணிக்கு 270 கிலோமீற்றர் வேகத்தில் விமானம் பாலை மேட்டு நிலத்தில் மோதிற்று. அங்கு பரந்துகிடந்த உருண்டைக் கற்கள் அடியில் உருண்டமையால் இருவரும் பிழைத்தனர். நதியோ இன்னும் வெகுதொலைவிற் கிழக்கே இருந்தது.

எஞ்சியிருந்தவை சிறிதளவு கோப்பி, அதனினும் குறைந்த திராட்சை மது, சில திராட்சைப் பழங்கள், ஒரு தோடம்பழம். கானல் நீரைத் துரத்தியும், இரவுப் பனியைத் துணியில் ஏந்தியும் நாட்களைக் கடத்தினர். நாவறண்டு சாகுந்தறுவாயில், நான்காம் நாள் ஒட்டகத்தில் வந்த ஓர் அராபியர் அவர்களைக் கண்டு நீர் கொடுத்துக் காத்தார். பெயரறியாத அம்மனிதரின் முகத்தில் மனிதகுலம் முழுவதையும் எக்சுபெரி கண்டார். 1939 இல் வெளிவந்து பிரெஞ்சுக் கழகத்தின் நாவற் பரிசைப் பெற்ற 'மனிதரின் பூமி' என்னும் நூலின் உயிர்நாடி இவ்வனுபவமே. நூலையோ கியோமேக்கே உரிமையாக்கினார்.

இதற்கு இரு மாதங்கள் முன்பு, 1935 ஒக்ரோபர் 30 ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மற்றொரு விபத்து நிகழ்ந்தது. பின்னாளில் பி-17 எனப் புகழ்பெற்ற பெரும் விமானத்தின் முதல் மாதிரி, மேலெழுந்த சிறுபொழுதில் வீழ்ந்து எரிந்தது. செலுத்தியவர் தேர்ந்த விமானியே. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாவண்ணம் சுக்கான்களைப் பூட்டிவைக்கும் தடையை அகற்ற மறந்துவிட்டமையே காரணம். நினைவை மட்டும் நம்பலாகாது என உணர்ந்த அந்நாட்டுப் படையினர், புறப்படுமுன்னும் இறங்குமுன்னும் வரிசையாக வாசித்துச் சரிபார்க்கும் பட்டியலை வகுத்தனர். இன்று மிகச் சிறிய பயிற்சி விமானத்திலும் அப்பட்டியல் உண்டு. திறமையற்றவர்க்காக அன்று, திறமை மிக்கவர்க்காகவே அது தோன்றியது என்பது கருதத்தக்கது.

1938 பெப்புருவரியில் நியூயோக்கிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனை நோக்கிய பறப்பின்போது, குவாத்தமாலாவில் விமானம் மேலெழ முடியாது திடலின் எல்லையில் நொறுங்கிற்று. ஏற்றப்பட்ட எரிபொருள் அளவுக்கு மிஞ்சியிருந்தது. எலும்புகள் பல முறிந்தன. அவ்வூறுகளின் வலி வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. இம்முறையும் உடனிருந்தவர் பிரேவோ என்பதை மறத்தலாகாது. ஒருவரின் கவனக்குறைவுக்கு உரிய விலையை அவர் ஒருவரே செலுத்துவதில்லை.

போரும் முடிவும்

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், உடல்நிலை இடந்தராதிருந்தும், உளவுப் பறப்புப் பிரிவொன்றிற் சேர்ந்தார். 1940 இல் மூன்று வாரங்களுள் அப்பிரிவின் 23 குழுக்களில் 17 மறைந்தன. மே 23 ஆம் நாள் அராசு நகரின்மேற் பறந்த அனுபவத்தை 'போர் விமானி' என்னும் நூலில் எழுதினார். தம் இருக்கையிலிருந்து இழுக்கவும் திருப்பவும் தள்ளவும் சரிபார்க்கவும் வேண்டியவை 103 எனக் கணக்கிட்டு, தாம் தங்கியிருந்த வீட்டு உழவரிடம் சொன்னதாக அந்நூலில் வருகின்றது. பத்தாயிரம் மீற்றர் உயரத்தில் உயிர்வளிக் குழாயையும் குளிரில் உறையும் கட்டுப்பாடுகளையும் ஓயாது கவனிக்க வேண்டிய நிலையில், அச்சத்துக்கு உள்ளத்தில் இடமிருப்பதில்லை. எனினும் குண்டுகள் வெடிக்கும் அவ்வேளையிலும் தம் சிறுபராயத்து நினைவுகள் வந்து நிறைந்தமையை அவர் மறைக்கவில்லை. நூலுக்கு அழகு தருவன அந்நினைவுகளே.

பிரான்சு வீழ்ந்தபின் அமெரிக்கா சென்றார். 1943 இல் நியூயோக்கில் 'குட்டி இளவரசன்' வெளிவந்தது. பாலைவனத்தில் விமானம் பழுதுற்ற ஒருவன், உயிர்காக்கும் வேலையில் முனைந்திருக்கையில் ஒரு சிறுவன் வந்து ஆட்டின் படம் வரையக் கேட்கிறான். கைவேலையைக் குலைக்கும் அக்குறுக்கீடே கதையின் சாரமாகின்றது. தம் குறையையே அவர் அங்கு கலையாக மாற்றினார் எனலாம்.

அவ்வாண்டே வட ஆபிரிக்காவிற் தம் பழைய பிரிவுடன் மீண்டும் இணைந்தார். பி-38 விமானத்திற்கு விதிக்கப்பட்ட வயதெல்லையை அவர் கடந்திருந்தார். அது ஒருவரே இருந்து செலுத்துவது. வழி காணலும் படம் பிடித்தலும் பகைவரை நோக்கலும் அவ்வொருவரின் பொறுப்பே. அவருக்கோ பழைய முறிவுகளால் தலையை இடப்புறம் திருப்புவதும் அரிது, ஆங்கிலமும் வசப்படவில்லை. கோடையில் இறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டி விமானத்தைச் சேதப்படுத்தியமையால் பறத்தல் தடைசெய்யப்பட்டது. பல மாதங்கள் மன்றாடிய பின்னரே மறுபடியும் அனுமதி கிடைத்தது.

1944 யூலை 31 ஆம் நாள் காலை கோர்சிக்காத் தீவின் போர்கோ திடலிலிருந்து புறப்பட்டவர் மீளவில்லை. 1998 இல் மார்செய்ல் கடலில் மீனவர் ஒருவரின் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி சிக்கிற்று. 2000 இல் அவ்விடத்துக்கு அண்மையிற் சிதைவுகள் காணப்பட்டன; 2003 இல் எடுக்கப்பட்டன; அடுத்த ஆண்டு தொடர் எண்ணைக் கொண்டு அவருடைய விமானமே என உறுதிசெய்யப்பட்டது. வீழ்ந்தமைக்குக் காரணத்தை அச்சிதைவுகள் காட்டவில்லை. பகைவர் சுட்டனரா, எந்திரம் பழுதுற்றதா என்பதைக் கடல் சொல்லவில்லை. சான்றின்றி அவர் கவனத்தைக் குறைகூறல் அறமன்று.

வாழ்வு தரும் பாடம்

அவருக்குப் பின் விமானத்துறை கற்றவை பல. 1972 டிசெம்பர் 29 ஆம் நாள் மியாமி நகருக்கு அண்மையில், சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியாமையை ஆராய்வதிலே குழுவினர் அனைவரும் மூழ்கியிருக்க, விமானம் மெல்லத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. 101 பேர் மாண்டனர். பழுது விளக்கில் மட்டுமே. 1981 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட விதியின்படி, பயணிகள் விமானத்தில் பத்தாயிரம் அடிக்குக் கீழே பறத்தலுக்கு வேண்டாத பேச்சும் செயலும் விலக்கப்பட்டன. சிறு விமானத்திற் பயிலுநனுக்கும் இன்று முதலிற் சொல்லப்படுவது ஒரு வரிசையே: விமானத்தைச் செலுத்துதல் முதற்கடமை, வழி காணுதல் அடுத்தது, பிறரோடு பேசுதல் அதற்கும் பின்னரே. இடையில் எது வந்து அழைப்பினும் இவ்வரிசை மாறலாகாது. சரிபார்க்கும் பட்டியல் இடையில் அறுபட்டால், விட்ட இடத்தை ஊகித்துத் தொடராது, முதலிலிருந்து தொடங்குதல் நலம் என்பர்.

எக்சுபெரியின் கனவு காணும் உள்ளம் இன்றேல் அவருடைய நூல்கள் இல்லை. அவ்வுள்ளமே அவரையும் அவரை நம்பியோரையும் பலமுறை மரணத்தின் வாயிலுக்கு இட்டுச் சென்றது. கனவை ஒழித்தல் இதற்கு மருந்தன்று. கனவுக்குரிய வேளையையும் சுக்கானுக்குரிய வேளையையும் வகுத்துக்கொள்ளுதலே மருந்து. முன்னிரவில் விளக்கின்கீழ் அமர்ந்து மூன்று தோடை மரங்களைக் குறித்துக்கொண்ட இளைஞர் அதனை அறிந்திருந்தார். வகுப்பறையிற் சன்னலுக்கு வெளியே நோக்கியிருக்கும் மாணவனைக் காணும் ஆசிரியர், அவன் பார்வையைப் பழிக்குமுன் இவ்விரண்டையும் நினைத்தல் வேண்டும். வானத்தைப் பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு. தன் கையில் ஒப்படைக்கப்பட்டது எது என அறியும் பொறுப்பும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே ஆசிரியத் தொழில்.